ஆளைக் காணோம்னு ஸ்டேஷனுக்குப் போனவங்க, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க

லாரிக்காரன், நாமக்கல்:

போலீஸ் ஆளைத் தேடுற விதம் நம்மள்ல பாதிப் பேருக்கு சினிமா பார்த்துத்தான் தெரியும். ஜீப் பறக்கும், மேப் விரிப்பாங்க, டவர் கிடைக்கும். நேர்ல போனவங்க கதை வேற. என்னோடதை மொதல்ல சொல்லிடறேன், நீங்களும் சொல்லுங்க.

2022ல எங்க அத்தை பையன் காணாமப் போனான். லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருந்தவன். ராத்திரி சாப்பாட்டுக்கு வரலைங்க. போன் ஸ்விட்ச் ஆஃப். பைக் மட்டும் பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடை முன்னாடி சைடு லாக் போட்டு நிக்குது. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், ரெண்டு லாரிக்கு பைனான்ஸ் வாங்கி வட்டி கட்ட முடியாம ஒரு கும்பல்கிட்ட மாட்டியிருந்தான். தூக்கிட்டாங்கன்னு எங்களுக்கு அப்பவே தெரியும்.

ஸ்டேஷன் வாசல்ல பாரா, அதாவது காவல், நின்னவர் உள்ள விட்டார். ரைட்டர், அதாவது ஸ்டேஷன்ல எழுத்து வேலை பார்க்கற போலீஸ்காரர், பேப்பர் எடுக்கறதுக்கு முன்னாடி கேட்ட கேள்விகள் இதுதான்: வீட்டுல சண்டையா, குடிப்பானா, எவ்வளவு கடன், பொம்பளை விஷயம் ஏதாச்சும் உண்டா, இதுக்கு முன்னாடி இப்படிப் போயிருக்கானா. அவன் சம்சாரத்தை ஒரு பக்கம், எங்க அத்தையை ஒரு பக்கம்னு தனித்தனியா உட்கார வெச்சுக் கேட்டாங்க. மாமாவுக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. "என் மகனைத் தேடச் சொன்னா எங்க வீட்டைத் துழாவறீங்களே சார்"ன்னு கத்திப்போட்டார்.

புகார்ல நான் "கடத்திச் சென்றுவிட்டனர்"னு எழுதியிருந்தேன். ரைட்டர் அதைப் பார்த்துட்டு, "தம்பி, கண்ணால பார்த்தீங்களா? இல்லீல்ல. அப்ப காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்னு எழுதிக் குடுங்க"ன்னார். அவர் சொன்னபடி அந்த வரியை மாத்துனேன். ஆனா அடுத்த வரியை விடலை: கடன் குடுத்தவங்க பேரு, அவங்க மிரட்டுன தேதி, அந்த மிரட்டல் போன் வந்த நம்பர். இது எல்லாத்தையும் எழுதி நகல்ல சீல் வாங்கிட்டுத்தான் வெளிய வந்தோம். அன்னைக்கு சி.எஸ்.ஆர். ரசீதுதான், அதாவது புகாரை வாங்கிக்கிட்டோம்ங்கற சீட்டுதான், கிடைச்சுது. மறுநாள் எம்.எல்.ஏ. ஆபீஸ்ல இருந்து ஒரு போன் போன பிறகுதான் எப்.ஐ.ஆர். போட்டாங்க, அதுவும் "ஆண் காணவில்லை"ன்னு.

அதுவரைக்கும் தூங்கிட்டிருந்த ஸ்டேஷன் எப்ப முழிச்சுதுன்னா, அவன் சம்சாரத்துக்குப் புது நம்பர்ல இருந்து அவனே பேசுன பிறகு. "அப்பாகிட்டச் சொல்லி தோட்டத்துப் பத்திரத்தை எடுத்து வைக்கச் சொல்லு"ன்னு ஒரே வாக்கியம். அதுக்கப்புறம் பார்த்தது வேற போலீஸுங்க. ஒரு மணி நேரத்துல இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார், மப்டில, வாடகைக் கார்ல. ஜீப்பைத் தெரு முனைக்குக் கூட விடலை. ஒரு ஏட்டு லுங்கி கட்டிக்கிட்டு எங்க திண்ணையில உட்கார்ந்துட்டார், யார் கேட்டாலும் ஈரோட்டுச் சித்தப்பான்னு சொல்லச் சொன்னாங்க. பெண் காவலர் ஒருத்தங்க சமையக்கட்டுல அவன் சம்சாரம் பக்கத்துலயே இருந்தாங்க. அடுத்த போன் வந்தா என்ன பேசணும்னு பாடம் எடுத்தாங்க: அழுவலாம், கெஞ்சலாம், மறுக்கக் கூடாது, உடனே சரின்னும் சொல்லக் கூடாது. பத்திரம் பேங்க்ல இருக்குது, எடுக்க நேரம் ஆகும்னு இழுக்கணும். ஒவ்வொரு தடவையும் "அவர்கிட்டப் போனைக் குடுங்க, குரல் கேட்டாத்தான் நம்புவேன்"னு கேட்கணும்.

அப்புறம் ஓமலூர் சுங்கச்சாவடி கேமராவுலயும் பாஸ்டேக் பதிவுலயும் வண்டி சிக்குச்சு. கூப்பிட்ட போன்ல சிம் மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க, ஆனா கைபேசி ஒண்ணுதான். அந்தக் கைபேசியோட ஐ.எம்.இ.ஐ. அடையாள நம்பரை வெச்சுப் பிடிச்சாங்க. தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுல உயிரோட கிடைச்சான். வழக்கு 364ஏ, 365ன்னு கடத்தல் பிரிவுக்கு மாறுச்சு. பிடிபட்டவங்கள்ல ஒருத்தனுக்குக் கையில மாவுக்கட்டு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தானாம். நம்ம ஊர்ல ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும் ஏன் இவ்வளவு வழுக்குதுன்னு தெரியலீங்க.

என் கேள்வி ஒண்ணுதான். அந்த போன் வந்திருக்காட்டி அவனைத் தேடியிருப்பாங்களா?


முன்னாள் ரைட்டர்:

நான் ஸ்டேஷன் ரைட்டரா இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மாவட்டம்னு வேண்டாம். உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்றேன் தம்பி: தேடியிருப்பாங்க, ஆனா இப்படித் தேடியிருக்க மாட்டாங்க.

ஒரு ஸ்டேஷனுக்கு வர்ற "காணவில்லை" புகார்ல பெரும்பாலானது ரெண்டு மூணு நாள்ல தானா வந்துரும். கோவிச்சுக்கிட்டுப் போன புருஷன், பரீட்சைல பெயிலாகி ரயில் ஏறின பையன், காதல் கல்யாணம். இதையே பார்த்துப் பார்த்து ஸ்டேஷனுக்கு ஒரு மனசு விழுந்துருது, இதுவும் அப்படித்தான்னு. அந்த மனசுதான் ஆபத்து. வீட்டாளைத் துருவுறது தப்பே இல்லை. யாருக்காகப் போனான், யாரால போனான்னு தெரியாம எந்தத் திசையில ஆளை அனுப்புவீங்க? சொந்தக்காரனே ஆளை முடிச்சுட்டு வந்து அழுத கேஸும் நான் எழுதியிருக்கேன். ஆனா கேள்வி கேட்டுட்டு, "ரெண்டு நாள் பாருங்கம்மா"ன்னு அனுப்புறான் பாருங்க, அதுதான் தப்பு.

எப்.ஐ.ஆர். போட்ட பிறகு உள்ள என்ன நடக்கும்னு வெளிய யாருக்கும் தெரியறதில்லை, அதனால சொல்றேன். பொது நாட்குறிப்புல பதிவு ஆகும். மைக்ல, அதாவது வயர்லெஸ்ல, அக்கம்பக்கத்து ஸ்டேஷன், செக்போஸ்ட், ரயில்வே போலீஸ் எல்லாத்துக்கும் அங்க அடையாளம் போகும்: உயரம், நிறம், மச்சம், கடைசியா என்ன சட்டை. இப்ப போட்டோ வாட்ஸ்அப் குரூப்லயே போயிருது. மாவட்டக் குற்ற ஆவணக் கூடத்துக்கு விவரம் போகும். ஒரு காவலர் அரசு ஆஸ்பத்திரி பிணவறைக்குப் போவார். அடையாளம் தெரியாத பிணம் எங்க எடுத்தாலும் அதைக் காணாமப் போனவங்க பட்டியலோட ஒத்துப் பார்ப்பாங்க. இந்த வேலையைக் குடும்பத்துக்கிட்டச் சொல்ல மாட்டோம். சொல்ற மாதிரி வேலையா அது?

போன் விவரம் எடுக்கறது ரைட்டர் கையில இல்லை, இன்ஸ்பெக்டர் கையிலயும் இல்லை. எஸ்.பி. ஆபீஸ் வழியாத்தான் கம்பெனிக்குக் கடிதம் போகணும். அதனால சைபர் ஆளுங்களுக்கு தினமும் வரிசை. அந்த வரிசையில உங்க கேஸ் முன்னாடி போகணும்னா, கடத்தல்னு நினைக்க ஏதாவது காரணம் காகிதத்துல இருக்கணும். நீங்க அந்த மிரட்டல் நம்பரை எழுதிக் கொடுத்தீங்க பாருங்க, போன் வராம இருந்திருந்தாலும் அதை வெச்சுத்தான் வரிசையைத் தாண்டியிருக்க முடியும்.

இன்னொண்ணு, பந்தோபஸ்து. திருவிழா, முதலமைச்சர் வருகை, தேர்தல்னா ஸ்டேஷன்ல மிச்சம் இருக்கறது நானும் பாராவும்தான். அன்னைக்குக் காணாமப் போனவன் பாவம்.


புதுசு:

24 மணி நேரம் ஆனாத்தான் புகார் எடுப்பாங்கன்னு எங்க ஊர் ஸ்டேஷன்ல சொன்னாங்களே?


முன்னாள் ரைட்டர்:

அப்படி ஒரு சட்டமும் இல்லை. எங்க காலத்துலயும் இல்லை. ஆளைத் திருப்பி அனுப்ப ஒரு சாக்கு.


டீச்சரம்மா:

நான் திண்டுக்கல் மாவட்டத்துல அரசுப் பள்ளி ஆசிரியை. என் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை விட்டுவிடுகிறேன்.

காலை அசெம்பிளிக்கு வரவில்லை. மதியம் அவள் அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோதுதான் வீட்டிலும் இல்லை என்று தெரிந்தது. அம்மா கூலி வேலை செய்பவர், தனியாக ஸ்டேஷனுக்குப் போகப் பயந்தார். நானும் கூடப் போனேன். "வயசுப் பொண்ணு, எவனோடயாவது போயிருக்கும். சாயங்காலம் வரைக்கும் பாருங்க. எப்.ஐ.ஆர். போட்டா பொண்ணு பேரு கெட்டுப் போயிரும்மா" என்றார் அங்கிருந்த எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்). அக்கறையாகச் சொல்வது மாதிரியே இருக்கும். அந்த அம்மாவும் தலையாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்குப் பள்ளியில் நடந்த குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சியில் சொன்னது ஞாபகம் இருந்தது. 2013 மே 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையைக் காணோம் என்று வந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும், விசாரணையில் வேறு மாதிரித் தெரியும்வரை கடத்தல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தானாகப் போனாளா என்பது இரண்டாவது கேள்வி. அதைச் சொன்னேன். "டீச்சர், சட்டம் எங்களுக்கும் தெரியும்" என்றார். தெரிந்ததால்தானோ என்னவோ, குழந்தைகள் உதவி எண் 1098க்கும் போன் போட்டிருக்கிறேன் என்று நான் சொன்னதும் காகிதம் எடுத்தார்.

ஆனால் அடுத்து வந்த மகளிர் எஸ்.ஐ.யைப் பற்றி நான் நல்லவிதமாகத்தான் எழுதவேண்டும். சுடிதாரில் பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் அறையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தி விசாரிக்கலாமா என்று ஹெச்.எம். கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் அவளுடைய தோழிகளோடு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். யாரையும் திட்டவில்லை. "அவ மேல எந்தக் கேஸும் வராது, அவ தப்புப் பண்ணலை, எங்க இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் ஒரு பெண் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பின்னட்டையில் ஒரு இன்ஸ்டாகிராம் பெயர். வீட்டில் யாருக்கும் தெரியாத கணக்கு. மொபைல் டவர் பார்க்க அவளிடம் போனே கிடையாது, எல்லாம் அத்தையின் போனில். அந்த நோட்டு இல்லையென்றால் எந்த சைபர் பிரிவும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

திருப்பூரில் கிடைத்தாள். மில் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒருவன். வழக்கில் போக்சோவும் சேர்ந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் அந்த அம்மாவுக்குப் புரியவே இல்லை. பிள்ளை கிடைத்துவிட்டாள், ஆனால் கையில் தரவில்லை. ஆஸ்பத்திரிப் பரிசோதனை, குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்துவது, மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம், அதுவரை குழந்தைகள் இல்லத்தில் தங்கல். "என் புள்ளையை நானே திருடிட்டேனா டீச்சர், ஏன் பூட்டி வெச்சிருக்காங்க?" என்று என்னிடம் சண்டை போட்டார். வீட்டுச் சூழ்நிலை பாதுகாப்பானதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள் என்பதை யாராவது ஒருவர் ஆரம்பத்திலேயே உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

தேடும்போது அவளுடைய பள்ளிச் சீருடைப் படம் ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் போனது. கிடைத்த பிறகு அந்தப் படத்தை யாரும் நிறுத்தவில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் படம், பெயர், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். போன வருடம் யாரோ ஒரு புண்ணியவான் அதே படத்தை "பகிருங்கள் உறவுகளே" என்று மறுபடி அனுப்பி, அது அவள் வகுப்புக் குரூப்புக்கே வந்து சேர்ந்தது.


லாரிக்காரன், நாமக்கல்:

படிக்கவே கஷ்டமா இருக்குதுங்க டீச்சர். எங்க அத்தை பையன் போஸ்டரும் பேஸ்புக்ல இன்னும் சுத்துது. அதுல எங்க வீட்டு நம்பர் போட்டிருந்தோம். அதுக்கு வந்த போன் இருக்குதே! "உங்க ஆளு எங்ககிட்டத்தான் இருக்கான், இருபதாயிரம் ஜிபேல போடு, ஆஸ்பத்திரிச் செலவு"ன்னு இந்தி கலந்த தமிழ்ல ஒருத்தன். திண்ணையில இருந்த லுங்கி ஏட்டு போனை வாங்கி, "என்ன சட்டை போட்டிருக்கான், சொல்லு"ன்னார். உடனே கட் பண்ணிட்டான்.


முன்னாள் ரைட்டர்:

அதனாலதான் போஸ்டர்ல வீட்டு நம்பர் போடாதீங்க, ஸ்டேஷன் நம்பர் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறது. உண்மையான அங்க அடையாளத்துல ஒண்ணை மட்டும் போஸ்டர்ல போடாம கையில வெச்சுக்கணும். தழும்போ, அரைஞாண்ல கட்டின தாயத்தோ, ஏதோ ஒண்ணு. கூப்பிடறவன் நிஜமா புரட்டான்னு அதை வெச்சுத்தான் பார்க்க முடியும்.


வடாற்காட்டான்:

எங்க அப்பா கதை கடத்தல் இல்லை. ஆனா கடத்தல்காரன்னு அடி வாங்கின கதை.

அவருக்கு மறதி நோய். 2018 மே மாசம் வீட்டை விட்டு நடந்து போயிட்டார். அந்த மாசம் எப்படிப்பட்ட மாசம்னு எங்க பக்கத்துக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க இறங்கியிருக்குன்னு வாட்ஸ்அப் வதந்தி. போளூர் பக்கம் அத்திமூர்ல, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த சென்னைக்காரக் குடும்பம் ஒண்ணு குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததைப் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவங்கன்னு சொல்லி அடிச்சதுல ஒரு வயசான அம்மா செத்தே போனாங்க. மே 9ஆம் தேதி.

அந்தச் சமயத்துல எங்க அப்பா, தாடியோட, பேரு ஊரு சொல்லத் தெரியாம, ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் பக்கம் போய் நின்னுருக்கார். கட்டி வெச்சுட்டாங்க. யாரோ ஒரு நல்ல மனுசன் ஸ்டேஷனுக்குப் போன் பண்ண, வந்தது ரெண்டே ரெண்டு போலீஸ், ஒரு பைக்ல. சுத்தி நூறு பேருக்கு மேல. அந்த ஏட்டு செஞ்ச காரியத்தை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். "இவன்தான்யா, ஒரு வாரமா தேடிட்டிருக்கோம், நல்லாப் பிடிச்சுக் கொடுத்தீங்க"ன்னு கூட்டத்தைப் பாராட்டி, அப்பாவுக்குத் துண்டால கையைக் கட்டி, நடுவுல உட்கார வெச்சு வண்டியைக் கிளப்பிட்டார். ஊரைத் தாண்டின பிறகு கட்டை அவுத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கார்.

ஆனா பாருங்க, நாங்க புகார் கொடுத்தது பக்கத்து மாவட்டம். அப்பா இருந்தது இந்த மாவட்டம். எங்க எப்.ஐ.ஆர். ஒரு கம்ப்யூட்டர்ல, அப்பா அரசு ஆஸ்பத்திரில "பெயர் தெரியாத ஆண்"னு ஒரு நோட்டுல. நடுவுல ஒரு மாசம் போச்சு. அந்த ஏட்டு தன் போன்ல எடுத்த படத்தை ஒரு குரூப்புல போட, அது எங்க மாமா வேலை பார்க்கற டெப்போ குரூப்புக்கு வந்துதான் கண்டுபிடிச்சோம். இப்ப சென்னையில காவல் கரங்கள்னு போலீஸே ஒரு அமைப்பு வெச்சு, தெருவுல திரியறவங்களை மீட்டு வீட்டுக்கு அனுப்பறாங்க. எங்க அப்பா காலத்துல எங்க பக்கம் அப்படி எதுவும் இல்லை.


வன்னியாள்:

நான் இலங்கையில வவுனியா. இப்ப கனடாவில இருக்கிறன். நீங்கள் எல்லாரும் பொலிஸ் தேடினதோ தேடேல்லையோ எண்டு கதைக்கிறியள். எங்கட பிரச்சினை, ஆரிட்டப் போய்த் தேடச் சொல்லிறது எண்டதே.

2008இல என்ர தம்பியைக் கொழும்பில வச்சு வெள்ளை வானில ஏத்திக்கொண்டு போட்டினம். அவன் வெளிநாடு போறதுக்கு லொட்ஜில நிண்டவன். லொட்ஜ்காரர் பார்த்தவர், ஆனா பார்த்தன் எண்டு சொல்லமாட்டார். அம்மாவும் நானும் பொலிசுக்குப் போனனாங்கள். முறைப்பாடு எழுதினது முழுக்கச் சிங்களத்தில. என்ன எழுதினவை எண்டு எங்களுக்குத் தெரியாது, கையெழுத்து வை எண்டிச்சினம், அம்மா வச்சவா. பிறகு ஒரு தெரிஞ்ச ஆளைக் கொண்டு வாசிப்பிச்சா, "வீட்டை விட்டு வெளியேறியுள்ளார்" எண்டு கிடக்குது. வான் எண்ட சொல்லே இல்லை.

அந்தத் துண்டை வச்சுக்கொண்டுதான் மற்ற எல்லா இடமும் ஏறி இறங்கினது. மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், பூசா தடுப்பு முகாம் வாசல். போற இடமெல்லாம் முதல் கேட்கிறது பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம். பிழையாய் எழுதின துண்டு எண்டாலும் அது இல்லாட்டி உள்ளுக்கே விடமாட்டினம்.

அதே காலத்தில கொழும்பிலையும் சுத்துவட்டாரத்திலையும் 11 பேரைக் கடத்தி, தாய் தகப்பனிட்டக் காசு கேட்டு, பிறகு காணாமலாக்கின வழக்கு எல்லாருக்கும் தெரியும். தமிழர் மட்டுமில்லை, முஸ்லிம், சிங்களப் பிள்ளையளும் அதுக்குள்ள. கடற்படைக்காரர் மேல குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரிச்சது. அதை விசாரிச்ச அதிகாரி நிஷாந்த சில்வா 2019 நவம்பரில நாட்டை விட்டு சுவிஸுக்குப் போகவேண்டி வந்தது. தேடின பொலிஸே ஓடவேண்டி வந்த நாடு எங்கட நாடு.

2016இல காணாமற்போனோர் அலுவலகத்துக்கு எண்டு சட்டம் வந்தது. காணாமற்போனவருக்குச் சான்றிதழ் தரலாம் எண்டும் சொல்லிச்சினம். மரணச் சான்றிதழ் எடுத்தாத்தான் வங்கிக் கணக்கு, காணி உறுதி மாத்தலாம் எண்ட நிலையில இருந்த சனத்துக்கு அது உதவிதான். அம்மா எடுக்கமாட்டன் எண்டிட்டா. 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியில காணாமலாக்கப்பட்ட ஆக்களின்ர குடும்பங்கள் தொடங்கின போராட்டத்தில அவவும் போய் இருந்தவ. "சான்றிதழ் தாற ஆக்கள் முதல்ல அந்த வானின்ர இலக்கத்தைச் சொல்லட்டும்" எண்டுறா.


மேலூர் ஜூனியர்:

அக்கா, உங்க பதிவுக்குப் பதில் எழுத எனக்கு வாய் வரலை. வணக்கம் மட்டும்.

மத்தவங்களுக்கு. நான் ஹைகோர்ட் மதுரைக் கிளையில ஜூனியர் வக்கீல். "எப்.ஐ.ஆர். போட மாட்டேங்கறாங்க"ன்னு வர்றவங்க இன்னமும் தினம் ஒருத்தர். 2013 நவம்பர் 12 லலிதா குமாரி தீர்ப்பு ஏன் வந்துச்சுன்னு பல பேருக்குத் தெரியாது. அந்த லலிதா குமாரியே காணாமப் போன ஒரு சிறுமிதான். உத்தரப் பிரதேசம் காசியாபாத் பக்கம், 2008. அப்பா ஸ்டேஷனுக்கு நடையா நடந்தும் எப்.ஐ.ஆர். போடலை, எஸ்.பி.கிட்டப் போன பிறகு போட்டும் தேடலை. அவர்தான் உச்ச நீதிமன்றம் போனார். வாரண்ட் இல்லாம கைது செய்யக்கூடிய குற்றம்னு புகார் சொன்னா எப்.ஐ.ஆர். கட்டாயம்னு அஞ்சு நீதிபதிகள் சொன்னாங்க. அப்ப தலைமை நீதிபதி நம்ம ஈரோடு மாவட்டத்து சதாசிவம். அதுக்கு முன்னாடி 2006 கடைசியில நொய்டா பக்கம் நிதாரில வெளிவந்ததும் இதே கதைதான். பிள்ளையைக் காணோம்னு வந்த ஏழைங்களை எல்லாம் ஓடிப்போயிருக்கும்னு திருப்பி அனுப்பியிருந்தாங்க. கடைசியில சாக்கடையில எலும்புக்கூடுகள் கிடைச்சுது.

2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டம். கடத்தலுக்கான பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) 363 இப்ப பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 137(2). பணம் கேட்டுக் கடத்தறது 140(2). "எங்க லிமிட் இல்லை"ன்னு சொல்ல முடியாது, சம்பவம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எப்.ஐ.ஆர். போடலாம்னு பி.என்.எஸ்.எஸ். (குற்ற விசாரணை முறைக்கான புதுச் சட்டம்) 173லயே எழுதிட்டாங்க. ஆன்லைன்ல அனுப்பினா மூணு நாளுக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். சில ஸ்டேஷன்ல இப்ப ஒரு புதுச் சாக்கு கிளம்பியிருக்கு: "பதினாலு நாள் முதல்கட்ட விசாரணை பண்ணிட்டுத்தான் போடுவோம்." அந்த வசதி மூணு வருசத்துல இருந்து ஏழு வருசத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்குத்தான். 137(2)க்கு ஏழு வருசம் வரைக்கும் தண்டனை. அதனால பிள்ளை கடத்தலுக்கு அந்தப் பேச்சே எடுபடாது. இதைச் சொன்னா ஸ்டேஷன்ல முறைப்பாங்க, பரவாயில்லை, சொல்லுங்க.

ஆட்கொணர்வு மனு பத்தியும் கேட்பாங்க. போட்டவுடனே போலீஸ்ல ஒரு சுறுசுறுப்பு வரும், உண்மை. நிலை அறிக்கை கேட்டு கோர்ட் தேதி போட்டா, தனிப்படை அமைச்சிருக்கோம்னு எழுதறதுக்காகவாவது தனிப்படை அமைப்பாங்க. ஆனா யாரோ சட்டவிரோதமா அடைச்சு வெச்சிருக்காங்கன்னு காட்ட ஏதாவது இருக்கணும். வெறுமனே காணோம்னா அதுக்கு இந்த மனு கிடையாதுன்னு தள்ளிருவாங்க. அதுக்கும் கடைசியில அந்த முதல் புகார்தான் வேணும். அதுல சந்தேகப்பட்ட ஆள் பேரு இல்லாம பிற்பாடு சேர்த்தா, எதிர்த் தரப்பு வக்கீல் அதை வெச்சே குறுக்கு விசாரணையில பிரிச்சு மேய்ஞ்சுருவார்.


புதுசு:

கேட்கலாமான்னு தெரியலை. எங்க மச்சான் போன வருசம் காணாமப் போய், புகார் கொடுத்து, பத்து நாள் கழிச்சு அவரே வந்துட்டார். பெங்களூர்ல ஹோட்டல்ல வேலை பார்த்திருக்கார். ஸ்டேஷனுக்குச் சொல்லணுமா? சொன்னா கேஸ் ஏதும் ஆகுமான்னு அக்கா பயப்படுது.


முன்னாள் ரைட்டர்:

கட்டாயம் சொல்லணும். பாதிப் பேர் ஆள் வந்ததும் ஸ்டேஷனை மறந்துடறாங்க. உங்க மச்சான் பேரு இன்னும் நிலுவைப் பட்டியல்ல இருக்கும். ஒவ்வொரு மாசமும் ஒரு காவலர் அதைப் பார்த்துப் பிணவறைப் படத்தோட ஒத்துப் பார்த்துட்டிருப்பார். எங்கயாவது அதே உயரத்துல ஒரு பிணம் கிடைச்சா உங்க அக்காவைத்தான் அடையாளம் காட்டக் கூப்பிடுவாங்க.

ஒண்ணும் ஆகாது. ஆதாரோட அவரை நேர்ல கூட்டிட்டுப் போங்க. தானாத்தான் போனேன், யாரும் கடத்தலைன்னு வாக்குமூலம் வாங்குவாங்க. கோர்ட்டுக்கு முடிவு அறிக்கை போகும், அவ்வளவுதான். வயசு வந்தவர், அவர் இஷ்டம். வீட்டுக்கு வர மாட்டேன், நான் இருக்கற இடத்தையும் சொல்லாதீங்கன்னு சொன்னாக்கூட "ஆள் நலமா இருக்கார்"னு மட்டும்தான் குடும்பத்துக்குச் சொல்லுவோம். அப்படி நானே நாலஞ்சு பேருக்குச் சொல்லியிருக்கேன், வெளிய நிக்கற பொண்டாட்டி கையில திட்டும் வாங்கியிருக்கேன்.

காலைல பதினொரு மணிக்கு மேல போங்க. அதுக்கு முன்னாடி போனா ரோல்காலும் கோர்ட்டு டூட்டியுமா ரைட்டர் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். சி.எஸ்.ஆர். ரசீது இருந்தா எடுத்துட்டுப் போங்க. இல்லைன்னா புகார் கொடுத்த தேதியாவது அக்காகிட்டக் கேட்டு வெச்சுக்கோங்க.